அந்தச் சிரிப்புக்குச் சொந்தக்காரி

முதல் நாள், திங்கள்

தொண்ணூறுகளின் கடைசியில் 'மக்கரேனா' போடாத கல்லூரி ஆண்டுவிழா ஏதாவது நடந்திருந்தால் எனக்குச் சொல்லுங்கள். 1996இல் அமெரிக்கப் பட்டியலில் 14 வாரம் முதலிடத்தை விட்டு இறங்காத பாட்டு அது. அப்படி ஓடிய அதன் ரீமிக்ஸில் நடுநடுவே ஒரு பெண் சிரிப்பாள், ஞாபகம் இருக்கிறதா? அடித்தொண்டையிலிருந்து கிளம்பும் கொஞ்சம் முரட்டுச் சிரிப்பு. பாட்டு ஸ்பெயின்காரர்களுடையது. சிரிப்பு அவர்களுடையது இல்லை. 1982இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் மாவட்டத்தில், பாசில்டன் என்ற ஊரைச் சேர்ந்த 20 வயதுப் பெண், 'சிச்சுவேஷன்' என்ற தன் பாட்டின் தொடக்கத்தில் சிரித்தது. அதை வெட்டி எடுத்து இங்கே ஒட்டிவிட்டார்கள்.

அந்தப் பெண் அலிசன் மோயே. சிந்தசைசர் என்ற மின்னணுக் கீபோர்டில் கட்டிய எண்பதுகளின் பாட்டு வகையான சிந்த்-பாப்பில் எனக்குப் பிடித்த ஒரே குரல் அவருடையது. இயந்திரங்களைத்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். முப்பது வருடமாகக் கீபோர்டு ரிப்பேர் செய்து பிழைக்கிறவன் வேறு எப்படி இருப்பேன்? ஆனால் அந்த இயந்திரங்களின் மேல் பாடியவர்களில் பலர் தாங்களும் இயந்திரம் மாதிரியே பாடுவதை ஒரு பெருமையாக வைத்திருந்தார்கள். இவர் ஒருவர்தான் அடுப்பைப் பற்றவைத்ததுபோல் வந்து நின்றார்.

அண்ணன் மகள் லண்டன் ஈஸ்ட் ஹாமில் இருக்கிறாள். ஒரு வாரம் அவள் வீட்டில் தங்கல். அரண்மனை, ராட்டினம், மெழுகுபொம்மை என்று ஒரு பட்டியல் போட்டு வைத்திருந்தாள். நான் பாசில்டன் என்றதும் முகம் மாறிவிட்டது.

"பாசில்டனா? அங்க என்ன சித்தப்பா இருக்கு?"

"ஒண்ணும் இல்லன்னுதான் கேள்விப்பட்டேன். அதைப் பாக்கத்தான் போறேன்."

"போறதுன்னா பார்க்கிங்ல ஏறிக்கோங்க, பக்கம்."

பார்க்கிங் என்று ஒரு ஊரே இருக்கிறது இங்கே. வண்டி நிறுத்துமிடம் என்று நினைத்து நான் ஒரு நிமிடம் முழித்தது வீட்டில் இன்று முழுக்கச் சிரிப்பாகிவிட்டது. நான் பார்க்கிங்கில் ஏறவில்லை. வேண்டுமென்றே டவர் ஹில் வரை சுரங்க ரயிலில் போய், ஃபென்சர்ச் ஸ்ட்ரீட் நிலையத்திலிருந்து கிளம்பினேன். பாசில்டன் பக்கத்துப் பிள்ளைகள் லண்டனுக்கு வந்து இறங்கும் வாசல் அதுதான். நான்கே நடைமேடை. எழும்பூரில் பாதிகூட வராது. சுற்றிலும் காப்பீட்டு அலுவலகங்கள். சுமார் 35 நிமிடப் பயணம். அப்மின்ஸ்டர் தாண்டியதும் வீடுகள் அறுந்து வயல் வருகிறது. அப்புறம் லெயிண்டன், அடுத்தது பாசில்டன்.

நிலையத்திலிருந்து இரண்டு நிமிடத்தில் ஊரின் நடுச்சதுக்கம். அங்கே கான்கிரீட் கால்களின்மேல் ஒரு உயரமான குடியிருப்பு நிற்கிறது. பெயர் ப்ரூக் ஹவுஸ். கால்கள் ஒவ்வொன்றும் 'வி' எழுத்து மாதிரி விரிந்திருக்கின்றன. பேசில் ஸ்பென்ஸ் வடிவமைத்து 1962இல் கட்டி முடித்தது. அதே வருடம் வைத்த வெண்கலச் சிலை ஒன்று பக்கத்தில் நீரூற்றின் நடுவே இருக்கிறது: தாயும் குழந்தையும். இந்த ஊருக்கு அதுதான் முத்திரை. கோயில் குளத்தங்கரையில் உட்காருவதுபோல் அதன் எதிரே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, அண்ணன் மகள் கட்டிக்கொடுத்த தயிர்சாதத்தைத் திறந்தேன். புறா மூன்று வந்தன.

பக்கத்தில் இருந்த பெரியவர் டப்பாவை எட்டிப் பார்த்து, அது என்ன என்று கேட்டார். சொன்னேன். அவர் 1950களில் லண்டன் ஈஸ்ட் எண்டிலிருந்து அம்மா அப்பாவோடு இங்கே குடிவந்தவர். "வீட்டுக்குள்ளேயே குளியலறை இருந்தது. அம்மா அழுதுவிட்டாள்" என்றார். டிராக்டர் தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்றவர். மோயேயைப் பற்றிக் கேட்டேன். பாட்டு சமாச்சாரமெல்லாம் மனைவிக்குத்தான் தெரியும் என்று கைவிரித்துவிட்டார். சரி.

இரண்டாம் நாள், செவ்வாய்

முதலில் ஒரு திருத்தம். நேற்று ப்ரூக் ஹவுஸை எண்ணி 15 மாடி என்று அண்ணன் மகளிடம் அளந்துவிட்டேன். 14தான். பெஞ்சில் உட்கார்ந்து மறுபடி எண்ணினேன்.

மறுபடியும் ஏன் பாசில்டன் என்றால், நேற்று பார்த்தது நடுச்சதுக்கம் மட்டும். இன்று ஒரு நிலையம் முன்னாலேயே லெயிண்டனில் இறங்கி, டன்டன் பக்கமாக நடந்தேன். இந்த ஊர் பிறந்த கதை அங்கேதான் மரங்களுக்குள் கிடக்கிறது. போருக்கு முன்னால், விளைச்சல் இல்லாத வயல்களைத் துண்டு போட்டு லண்டன் ஏழைகளுக்கு விற்றிருக்கிறார்கள். அவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து தாங்களே பலகை அடித்துக் கட்டிய குடில்கள். குழாய் இல்லை, சாலை இல்லை. ஒரே ஒரு வீட்டை மட்டும் நினைவுக்காக அப்படியே வைத்திருக்கிறார்கள். நான் போன நேரம் பூட்டியிருந்தது. ஜன்னல் வழியாக ஒரு கெட்டிலும் ஒரு நாற்காலியும் தெரிந்தன. மற்ற இடமெல்லாம் காடாகிவிட்டது. காட்டுக்கு நடுவே திடீரென்று ஒரு ஆப்பிள் மரம் நின்றால், அங்கே ஒரு காலத்தில் யாரோ குடியிருந்தார்கள் என்று அர்த்தம்.

1949இல் அரசு இந்தப் பகுதியைப் 'புதுநகரம்' என்று அறிவித்தது. குண்டு விழுந்த லண்டனிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து குடியமர்த்தத் திட்டம். தொழிற்சாலை வந்தது, பள்ளி வந்தது. ஊருக்கு நடுவில் ரயில் நிற்க மட்டும் 1974 வரை ஆனது! அதுவரை பிள்ளைகள் எங்கே போவார்கள்? எங்கும் போகவில்லை. வீட்டிலேயே கிடந்தார்கள். அப்படிக் கிடந்தவர்களில் நான்கு பேரை உலகத்துக்குத் தெரியும். வின்ஸ் கிளார்க், மார்ட்டின் கோர், ஆண்டி ஃப்ளெட்சர் மூவரும் டேவ் காஹனைச் சேர்த்துக்கொண்டு டெப்பேஷ் மோட் என்ற இசைக்குழு ஆனார்கள். சிந்தசைசருக்கு மேளம் வேண்டாம், பெரிய ஸ்பீக்கர் வேண்டாம். ஹெட்போனை மாட்டிக்கொண்டால் பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வரமாட்டார். சுவர் மெல்லிசான புதுநகரத்தில் இந்த இசை பிறந்ததற்கு இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டாம் என்பது என் கட்சி.

கோரும் ஃப்ளெட்சரும் படித்த நிக்கோலஸ் பள்ளியில்தான் மோயேயும் படித்தார். 1961 ஜூன் 18 அன்று பக்கத்து ஊரான பில்லரிக்கேயில் பிறந்தவர். அப்பா பிரெஞ்சுக்காரர். பெயரின் கடைசி எழுத்தை விழுங்கி 'மோயே' என்று சொல்வது அதனால்தான். பட்டப்பெயர் ஆல்ஃப். 16 வயதில் பள்ளியை விட்டுக் கடையில் விற்பனைப் பெண்ணாக நின்றிருக்கிறார். பியானோவுக்குச் சுருதி சேர்க்கவும் பயிற்சி எடுத்திருக்கிறார்.

இந்தக் கடைசித் தகவலை முதலில் படித்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை என்னவென்று சொல்வது? நம்ம ஜாதி! சுருதி சேர்க்கிறவனுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்ளும். இரண்டு கம்பிகள் கிட்டத்தட்ட ஒரே ஸ்வரத்தில் நிற்கும்போது 'வ்வ...வ்வ...வ்வ' என்று ஒரு அலை எழும். அலை மெதுவாகி மெதுவாகி நின்றுபோகும் இடம்தான் சுருதி. அந்த அலை நிற்கும் வரை காத்திருக்கும் காது அது. மோயே நீண்ட கார்வை பிடிக்கும் இடங்களில், ஸ்வரத்துக்குக் கொஞ்சம் கீழே தொட்டு மெல்ல ஏறி அலை நிற்கும் புள்ளியில் போய் உட்காருவார். பயிற்சியின் பலன் என்று சத்தியம் செய்ய முடியாது. எனக்கு அப்படித்தான் கேட்கிறது.

மூன்றாம் நாள், புதன்

சவுத்எண்ட். காற்று. குடை இரண்டாவது நிமிடமே கம்பியை வெளியே காட்டிவிட்டது.

இங்கே ஏன் வந்தேன்? மோயே சிந்த்-பாப் வீட்டுக்குள் பிறந்த பிள்ளை இல்லை, வாடகைக்கு வந்தவர். அவர் வளர்ந்தது பங்க், ப்ளூஸ், தேம்ஸ் முகத்துவாரத்து மதுக்கடைகளில் கேட்கும் வியர்வை நாற்ற ராக். ரயில் பென்ஃப்ளீட்டைத் தாண்டும்போது வலப்புறம் தெரியும் சதுப்புத் தீவு கான்வே. 1971இல் டாக்டர் ஃபீல்குட் குழு கிளம்பிய இடம். அதன் கிட்டார்காரர் வில்கோ ஜான்சன், மீட்டும் வில்லையே இல்லாமல் வெறும் விரலால் வெட்டி வெட்டி வாசித்தவர். மோயே பாடிய குழுக்களின் பெயர்களைப் பாருங்கள்: தி வாண்டல்ஸ், தி விக்கார்ஸ், தி ஸ்க்ரீமிங் ஆப் டாப்ஸ். இதில் எங்கே சிந்தசைசர்?

கடற்பாலத்தில் நடந்தேன். 2.16 கிலோமீட்டர். உலகத்திலேயே இதுதான் மிக நீளமான உல்லாசக் கடற்பாலம். பாலத்தின் மேலேயே ஒரு குட்டி ரயில் ஓடுகிறது. நடந்தே போகிறேன் என்று வீம்பு பண்ணிப் போய், திரும்பும்போது ரயிலில் வந்தேன். வற்று நேரம் என்பதால் பாதித் தூரத்துக்குக் கீழே கடலே இல்லை. சேறு. படகுகள் ஒரு பக்கம் சாய்ந்து, மத்தியானத் தூக்கம் போடும் எருமைகள் மாதிரி கிடந்தன.

இந்த ஊர்க் கால்பந்து அணிக்கு மோயே பழைய ரசிகர். அணி தோற்றாலும் விடாத ரகம். வேறொன்றும் இல்லை இன்று. மூக்கு ஒழுகுகிறது. மிளகு ரசம் கேட்டிருக்கிறேன்.

நான்காம் நாள், வியாழன்

இன்றுதான் முக்கியமான நாள். கொஞ்சம் நீளமாகவே எழுதப்போகிறேன்.

தேம்ஸுக்குத் தெற்கே, சதர்க் பகுதியில் காப்பர்ஃபீல்ட் தெரு. ஒரு பக்கம் சின்னச் சின்னச் செங்கல் வீடுகள், வாசலில் பூந்தொட்டிகள். எதிரே ஆல் ஹாலோஸ் தேவாலயத்தின் மிச்சம். இரண்டாம் உலகப்போரில் குண்டு விழுந்து பெரும்பகுதி போய்விட்டது. தப்பிய பகுதிக்குள் எழுபதுகளின் கடைசியில் எரிக் ராட்கிளிஃப் என்பவர் ஒலிப்பதிவுக் கூடம் வைத்தார். பெயர் பிளாக்விங். டெப்பேஷ் மோடின் முதல் ஆல்பம் 1981இல் இங்கே பதிவானது. இப்போது கூடம் இல்லை. கம்பிக் கதவுக்கு வெளியே நின்று சுவரைத்தான் பார்த்தேன். செங்கல்லில் கை வைத்தேன். ஈரமாக இருந்தது. ஒரு அம்மா நாயோடு வந்து, ஏதாவது தொலைத்துவிட்டீர்களா என்று கேட்டுவிட்டுப் போனார்.

1981 கடைசியில் வின்ஸ் கிளார்க் டெப்பேஷ் மோடை விட்டு விலகினார். பாட்டெழுதியவர், இசை கட்டியவர் அவர்தான். குழு அப்போதுதான் புகழ் பெறத் தொடங்கியிருந்தது. கையில் 'ஒன்லி யூ' என்று ஒரு பாட்டு. பாட ஆள் இல்லை. அதே சமயம் மோயே 'மெலடி மேக்கர்' இசைப் பத்திரிகையில், ப்ளூஸ் பாடும் குழு வேண்டும் என்று விளம்பரம் கொடுத்திருந்தார். ப்ளூஸ் குழு ஒன்றும் வரவில்லை. வந்தது பாசில்டன்காரர் ஒருவரின் போன். ஒரே ஊரில் இருந்தும், இருவரும் சேர்ந்து வேலை செய்ய லண்டன் பத்திரிகையின் வரி விளம்பரம் தேவைப்பட்டிருக்கிறது.

இரண்டு பேர் மட்டும் உள்ள குழு. யாஸூ என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரில் அமெரிக்காவில் ஏற்கெனவே பழைய ப்ளூஸ் இசைத்தட்டுகள் போடும் நிறுவனம் இருந்ததால், அங்கே மட்டும் யாஸ்.

பிளாக்விங்கில் அவர்களுக்கு நேரம் கிடைக்கவில்லை. இவர்கள் தட்டை வெளியிட்ட மியூட் நிறுவனத்தின் இன்னொரு பாடகர் ஃபேட் கேட்ஜெட் பகலை எடுத்துக்கொண்டிருந்தார். அதனால் இவர்கள் விடியற்காலையில் வந்து பாடியிருக்கிறார்கள். பிரம்ம முகூர்த்தத்தில் சாதகம்! இந்தத் தகவல் தெரிந்த பிறகு 'அப்ஸ்டேர்ஸ் அட் எரிக்ஸ்' ஆல்பத்தைக் கேட்டுப் பாருங்கள். தூக்கம் முழுதாகக் கலையாத குரலில் இருக்கும் கரகரப்பு சில பாட்டுகளில் அப்படியே இருக்கிறது.

இனி இயந்திரம். இதை நான் எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவது.

கிளார்க் அப்போது பயன்படுத்தியவற்றில் சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் நிறுவனத்தின் ப்ரோ-ஒன் சிந்தசைசர் முக்கியமானது. ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம்தான் வாசிக்கும். மூன்று கட்டைகளைச் சேர்த்து அழுத்தினாலும் ஒன்றுதான் ஒலிக்கும். நாதஸ்வரம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே பியானோவிலோ கிட்டாரிலோ வருவதுபோல் ஒரு கொத்து ஸ்வரங்களை அள்ளி வீச முடியாது. ஒரு வரி பதிய வேண்டும், நாடாவைத் திருப்பி அடுத்த வரி, மறுபடி அடுத்தது. இயக்குவதற்கு ரோலண்டின் எம்சி-4 என்ற பெட்டி. அதில் கீபோர்டு வாசிப்பது இல்லை, கணக்கு எழுதுவதுதான். இந்த ஸ்வரத்தின் உயரம் இத்தனை, நீளம் இத்தனை, அதில் ஒலிக்கும் நேரம் இத்தனை என்று எண் எண்ணாகத் தட்ட வேண்டும். மளிகைக்கடைப் பேரேடு போல இருக்கும். நான் ஒரே ஒரு முறை ஒன்றைத் திறந்து பார்த்திருக்கிறேன். மின்சாரத்தை அணைத்தால் தட்டியதெல்லாம் போய்விடும். கேசட்டில் சேமித்துக்கொள்ள வேண்டும்.

இந்த ஏழ்மையால்தான் அந்த இசை அழகாக இருக்கிறது. 'ஒன்லி யூ' பாட்டில் எண்ணிப் பார்த்தால் மெலிந்த சில கோடுகள் மட்டுமே. ஒன்று 'டிங் டிங்' என்று மேலே ஓடுகிறது, ஒன்று கீழே தாங்குகிறது. நடுவில் பெரிய காலி மைதானம். அந்த மைதானத்தில் மெல்லிய குரல் நின்றால் காணாமல் போகும். மோயேயின் குரல் பெண்குரல்களிலேயே கனத்த, கீழ்ஸ்தாயிக் குரல். வந்து நின்றதும் மைதானம் நிரம்பிவிட்டது. அவர் கத்தவில்லை, உருகவும் இல்லை. பிரிந்துபோனவரிடம் முற்றத்தில் நின்று பேசுவதுபோல் பாடுகிறார். கோடுகள் பாட்டுக்கு ஒரு நூல் பிசகாமல் ஓடுகின்றன. குரல் மட்டும் ஒரு கணம் முந்துகிறது, ஒரு கணம் பிந்துகிறது. தாளக்காரர் அசையாமல் இருந்தால்தான் பாடகர் காலப்பிரமாணத்தோடு விளையாட முடியும் என்று கச்சேரி கேட்டவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பாட்டு 1982 மார்ச்சில் வந்தது. பிரிட்டிஷ் பட்டியலில் 2ஆம் இடம். அடுத்த 'டோன்ட் கோ' 3ஆம் இடம். ஆகஸ்டில் ஆல்பம், அதுவும் 2. 'ஒன்லி யூ' தட்டின் பின்பக்கத்தில் போகிற போக்கில் போட்ட 'சிச்சுவேஷன்' அமெரிக்காவுக்குப் போய், பிரான்சுவா கெவோர்கியன் என்ற ரீமிக்ஸ்காரர் கையால் நீட்டப்பட்டு, அங்கே நடனப் பட்டியலில் முதலிடம் வந்தது. சிரிப்பு அந்தப் பாட்டில்தான்.

ஒன்றரை வருடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. இருவருக்கும் பேச்சே அதிகம் இல்லை. இரண்டாவது ஆல்பத்தில் ஒருவர் கூடத்தில் இருந்தால் மற்றவர் இல்லை. ஆல்பத்தின் பெயர் 'யூ அண்ட் மீ போத்', நீயும் நானும்! அது 1983 ஜூலையில் முதலிடத்தைப் பிடித்தபோது குழுவே கலைந்திருந்தது. அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு 'ஒன்லி யூ' மறுபடி வந்து முதலிடம் பிடித்தது. பாடியவர்கள் ஃப்ளையிங் பிக்கெட்ஸ். ஒரு கருவியும் இல்லை, எல்லாம் வாயாலேயே. எண் எண்ணாகத் தட்டிய கோடுகளை மனிதர்கள் 'பா தா தா' என்று பாடினார்கள். எனக்கு அந்த வடிவம் பிடிக்காது. ஆனால் கிளார்க்கின் கோடுகள் எவ்வளவு உறுதியானவை என்பதற்கு அது நல்ல சாட்சி.

ஐந்தாம் நாள், வெள்ளி

மழை. மத்தியானம் வரை வீட்டில். அண்ணன் மகள் வீட்டிலிருந்தே வேலை. அவளுடைய ஸ்பீக்கரில் 1984ஆம் வருட 'ஆல்ஃப்' ஆல்பத்தைப் போட்டேன்.

"இது நல்லா இருக்கே சித்தப்பா, எங்கயோ கேட்ட மாதிரி இருக்கு" என்றாள்.

எங்கேயோ கேட்ட மாதிரி இருப்பதுதான் அந்த ஆல்பத்தின் சிக்கல். டோனி ஸ்வெயின், ஸ்டீவ் ஜாலி இருவரும் அந்த வருடங்களில் வெற்றிக்குப் பெயர்போன தயாரிப்பாளர்கள். மோயேயோடு சேர்ந்து எழுதிப் பளபளவென்று செய்துகொடுத்தார்கள். முதலிடம். 'ஆல் க்ரைட் அவுட்', 'லவ் ரெசரக்ஷன்' எல்லாம் அதில்தான். பாட்டுகள் நல்ல பாட்டுகள். ஆனால் பிளாக்விங்கில் இருந்த காலி மைதானத்தில் வீடு கட்டி, வர்ணம் பூசி, திரைச்சீலையும் மாட்டிவிட்டார்கள். குரல் ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறது. என் அபிப்பிராயம்தான், அண்ணன் மகள் ஒப்புக்கொள்ளவில்லை.

1985 ஜூலை 13 அன்று வெம்ப்ளியில் லைவ் எய்ட் மேடையில் பால் யங்கோடு பாடினார். அதே வருடம் பழைய ஜாஸ் பாட்டு ஒன்றைப் பாடினார், 2ஆம் இடம். சிறந்த பெண் பாடகிக்கான பிரிட் விருது 85இலும் 88இலும். 1987இன் 'ரெய்ன்டான்சிங்' ஆல்பமும் 2ஆம் இடம். அதிலிருந்து 6ஆம் இடம் வரை போன ஒரு பாட்டை அவரே பிற்பாடு மேடையில் பாட மாட்டேன் என்று ஒதுக்கிவிட்டார். விற்கும் என்று தெரிந்து பாடியது, பிடித்துப் பாடியதில்லை.

மழை விட்டதும் ஸ்ட்ராண்ட் சாலைக்குப் போனேன். அடெல்ஃபி நாடக அரங்கம். இப்போது வேறு நாடகம் ஓடுகிறது. வாசலில் நனைந்த வரிசை. 2001இல் இங்கே 'சிகாகோ' இசை நாடகத்தில் மோயே சிறைக் கண்காணிப்பாளராக நடித்தார். ஒரு பெரிய பாடகி நாடகத்துக்கு வந்தால் சந்தை போய்விட்டது என்று ஊர் பேசும். இங்கே நடந்தது வேறு. 1994இல் 'எசெக்ஸ்' ஆல்பம் வந்தது. நிறுவனத்துக்கு விற்பனைக்கு ஏற்ற மோயே வேண்டும், அவருக்குத் தன் இஷ்டப்படி பாட வேண்டும். 1995இல் பழைய பாட்டுகளைத் தொகுத்துப் போட்ட 'சிங்கிள்ஸ்' முதலிடம் வந்தது. பழசு விற்கிறது, புதிதை ஏன் விட வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கும்தானே? இவர் இறங்கி வரவில்லை. வழக்கு நடந்தது. 'எசெக்ஸ்' முடிந்து அடுத்த புது ஆல்பம் வர எட்டு வருடம். 33 வயதில் வாயை மூடி 41இல் திறப்பது என்றால் பாடகருக்கு எவ்வளவு பெரிய நஷ்டம்! குரல் பழம் மாதிரி, வைத்திருந்து விற்க முடியாது.

2002இல் 'ஹோம்டைம்' வந்தது. வாசலில் மழைக்கு ஒதுங்கி நின்றுகொண்டு காதில் அதைத்தான் கேட்டேன். இருட்டு, நிதானம், ஓரத்தில் சின்னச் சின்ன மின்னணுச் சத்தங்கள். கேட்டால் உடனே பிடிக்காது. மூன்றாவது தடவை விடாது. எட்டு வருடம் பட்டினி கிடந்தவர் அவசரப்பட்டுச் சாப்பிடாததுபோல் பாடுகிறார். 'ஆல்ஃப்' அளவுக்கு இது விற்றிருக்காது. எனக்கு இதுதான் அவருடைய நல்ல ஆல்பம்.

ஒரு பாதுகாவலர் வந்து டிக்கெட் இருக்கிறதா என்றார். இல்லை என்றேன். மழைக்கு என்றேன். பரவாயில்லை, கதவை விட்டு மட்டும் தள்ளி நில்லுங்கள் என்றார்.

ஆறாம் நாள், சனி

பிரைட்டன். லண்டன் பிரிட்ஜ் நிலையத்திலிருந்து ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். எனக்கு இரண்டானது. தண்டவாளத்தில் ஏதோ வேலையாம். அண்ணன் மகளும் கூடவே வந்தாள், கடல் என்பதால்.

மணல் இல்லாத கடற்கரை. வழவழவென்று கூழாங்கல். ஒவ்வொரு அலை திரும்பும்போதும் கல்லெல்லாம் உருண்டு, பெரிய ஜல்லடையில் அரிசி சலிப்பதுபோல் ஒரு சத்தம். பழைய மேற்குக் கடற்பாலம் எரிந்துபோய், இரும்புக்கூடு மட்டும் தண்ணீருக்குள் நிற்கிறது. மெரினா ஞாபகத்தில் செருப்போடு இறங்கி, காலை மடக்கிக்கொண்டேன்.

நான் பார்க்க வந்தது கடல் இல்லை, கிராண்ட் பரேடில் இருக்கும் பல்கலைக்கழகக் கலைப்பள்ளிக் கட்டடம். 2008இல் கிளார்க்கோடு மறுபடி சேர்ந்து யாஸூ பாட்டுகளை ஊர் ஊராகப் பாடிய பிறகு, 2013இல் கை சிக்ஸ்வொர்த் என்ற தயாரிப்பாளரோடு 'தி மினிட்ஸ்' என்று முழுக்க மின்னணு இசையிலேயே ஓர் ஆல்பம் போட்டு 5ஆம் இடம் வரை வந்தார். 2021இல் பிரிட்டிஷ் அரசின் எம்பிஇ பட்டம். இதற்கிடையில் அவர் செய்ததுதான் எனக்கு ஆச்சரியம். அறுபதை நெருங்கும் வயதில் பிரைட்டன் பல்கலைக்கழகத்தில் நுண்கலை அச்சுக்கலை மாணவியாகச் சேர்ந்து, 2023இல் முதல் வகுப்பில் தேறினார். இருபது வயசுப் பிள்ளைகளோடு ஏப்ரன் கட்டிக்கொண்டு.

சனிக்கிழமை, கட்டடம் அமைதி. கண்ணாடிக்குப் பின்னால் யாரோ மாணவருடைய அச்சு ஒன்று தெரிந்தது. கறுப்பு மையில் ஒரு தோட்டம், இல்லை, நாற்காலிகள் அடுக்கிய ஒரு அறை. தூரத்தில் சரியாகத் தெரியவில்லை. அச்சுக்கலையில் எல்லாம் தலைகீழ். இடப்பக்கம் செதுக்கியது வலப்பக்கம் வரும். தாளை உரித்து எடுக்கும் வரை என்ன வந்திருக்கிறது என்று தெரியாது. பிசகினால் தகட்டைத் துடைத்து மறுபடி மை. எம்சி-4இல் எண்களைத் தட்டிவிட்டுத் தொடக்கப் பொத்தானை அழுத்தும் நிமிடமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

2024இல் வந்த 'கீ' ஆல்பத்தில் தன் பழைய பாட்டுகளை எடுத்து, இப்போதைய குரலுக்குச் சரிப்படும் விதத்தில் மறுபடி பாடியிருக்கிறார். கூடவே இரண்டு புதுப் பாட்டுகள். அட்டையில் அவருடைய சொந்த அச்சு வேலை. 'ஆல் க்ரைட் அவுட்' அதில் வர்ணமெல்லாம் சுரண்டப்பட்டு நிற்கிறது. நேற்று ஸ்பீக்கரில் கேட்ட வடிவத்தையும் இதையும் அண்ணன் மகளுக்கு அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினேன். கடற்கரைச் சுவரில் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு காதில் மாட்டிக்கொண்டு கேட்டோம்.

"ரெண்டும் ஒரே ஆளா?"

"ஒரே ஆள். நடுவுல 40 வருஷம்."

"இவங்க இங்கதான் இருக்காங்களா? பாத்துட்டுப் போலாமே."

பார்த்து என்ன கேட்பது? உங்கள் சிரிப்புக்குக் காசு ஒழுங்காக வந்ததா என்றா? வேண்டாம் என்றுவிட்டேன்.

நார்த் லெய்ன் சந்துகளில் பழைய இசைத்தட்டுக் கடைகள் இருக்கின்றன. மூன்றாவது கடையில், 'ய' பகுதியில் தேடினால் இல்லை. யாரோ 'அ' பகுதியில் சொருகி வைத்திருந்தார்கள். 'அப்ஸ்டேர்ஸ் அட் எரிக்ஸ்', 1982ஆம் வருடத்தது. அட்டையில் மாடி அறை ஒன்றில் மேஜைக்கு இருபுறமும் துணிக்கடைப் பொம்மைகள், உடல் துண்டு துண்டாக. உள்ளுறையில் நீல பேனாவால் ஒரு பெண் பெயரும், கீழே அடிக்கோடிட்ட 'தொடாதே' என்ற எச்சரிக்கையும். தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். முதல் பக்கத்தில் கீறல் இல்லை. இரண்டாவது பக்கத்தில், 'ஒன்லி யூ' இருக்கும் இடத்தில், வளையம் முழுக்க மங்கியிருந்தது. தேய்ந்தது எதனால் என்று கடைக்காரரிடம் கேட்க வேண்டியிருக்கவில்லை.

பெட்டியில் எப்படி வைப்பது என்று ராத்திரி பெரிய பஞ்சாயத்து. கடைசியில் அண்ணிக்காக வாங்கிய இரண்டு போர்வைகளுக்கு நடுவில் படுக்கவைத்தாயிற்று. எடை 23 கிலோ 400 கிராம் காட்டுகிறது. அந்த 400 கிராமுக்கு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறோம். உடைந்த குடையை விட்டுவிடலாம்.